பத்து வயது லேப்டாப்: ஒரு பழைய டைப்பிஸ்டின் ஆறு மாத மதிப்பீடு

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் வாங்கிய அன்றே பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் நீங்களே வைத்துக்கொண்டு, திறந்து பார்த்து, துடைத்து, மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டுக் கொடுங்கள். எனக்கு அந்த ஒரு வாரம் இரண்டரை வாரமாக நீண்டது.

பொருள் இதுதான்: 2015, 2016 வாக்கில் அலுவலகங்களுக்கென்றே மொத்தமாகச் செய்து விற்ற, 14 அங்குலத் திரை கொண்ட கறுப்பு லேப்டாப். இன்டெல் ஐ5 ப்ராசஸர், ஐந்தாம் தலைமுறை. வந்தபோது 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். எந்த நிறுவனத்தின் மாடல் என்று எழுதவில்லை. அந்தக் காலத்து அலுவலக லேப்டாப்புகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே குணம். விலையும் எழுதவில்லை, அது இடத்துக்கு இடம் மாறும். மூடிமேல் சொத்து எண் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்த பசைத் தடம் இன்னும் போகவில்லை. தேங்காய் எண்ணெயும் பருத்தித் துணியும் வைத்துத் தேய்த்ததில் பாதி போனது. மீதி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் யார் என்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் விசைப்பலகையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு புலம்புகிறேன் என்று தோன்றும். முப்பத்தொரு வருடம் டைப்பிஸ்ட். முதல் பதினான்கு வருடம் இரும்புப் பொறி, அதன் பிறகு கம்ப்யூட்டர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளவில்லை. கையில்தான் போன் இருக்கிறதே என்று நினைத்தேன்.

போன் இருந்தது உண்மை. அது யாருடையது என்பதுதான் சிக்கல். எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்திக்கு வீட்டுப்பாடம் பிடிஎஃப் கோப்பாக வரும். அது வருவது மகளின் போனுக்கு. மகள் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஏழு மணி ஆகும். ஆக நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்த பிள்ளை ஏழு மணிவரை சும்மா இருந்துவிட்டு, அம்மா செருப்பைக் கழற்றும்போதே கையை நீட்டுவாள். அதே நேரத்தில் மகளுக்கு அழைப்புகள் வரும், மருமகனுக்கு ஏதாவது பார்க்க வேண்டியிருக்கும். பாதிப் பாடத்தில் போன் ஒலித்தால் பாடம் மறைந்துபோகும். என் போனில் படிக்கச் சொன்னேன். என் போன் பழசு. பிடிஎஃபைத் திறந்தால் சூடேறி அணைந்துவிடும். 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது யுனெஸ்கோ ஒரு கணக்கு வெளியிட்டது: வகுப்பறைக்குப் போக முடியாமல் இருந்த மாணவர்களில் பாதிப் பேர், 82.6 கோடிப் பேர், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள். அப்போது அதை யாரோ எங்கோ இருப்பவர்களின் கணக்காகத்தான் படித்தேன். வீட்டில் நாலு பேருக்கு இரண்டு நல்ல போன் இருந்ததால் நாங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டோம் என்ற எண்ணம்.

எண்ணம் மாறியது ஒரு விண்ணப்பத்தால். எதிர்வீட்டு அக்காவின் மகன் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். புகைப்படம் 50 கேபிக்குள் இருக்கவேண்டும், கையெழுத்து 20 கேபிக்குள். போனில் எடுத்த படம் 4 எம்பி. அவனும் நானும் திண்ணையில் உட்கார்ந்து அதைக் குறுக்குவதற்கு ஒரு செயலி, வெட்டுவதற்கு ஒரு செயலி, நடுவில் விளம்பரம் என்று போராடினோம். மூன்று முறை படிவம் ‘நேரம் முடிந்தது’ என்று சொல்லி வெளியே தள்ளியது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாத பையன் இல்லை அவன். அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் முன்னால் ஒரு பெரிய திரையும் விசைப்பலகையும் இருந்திருக்கின்றன, நிரப்புகிறவனுக்கும் அவை இருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரம்தான் லேப்டாப் தேட ஆரம்பித்தேன்.

நேரம் எனக்குச் சாதகமாக இருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறவேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஐந்தாம், ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்களை அலுவலகங்கள் அடுக்கடுக்காகக் கழித்துக் கட்டின. உலகம் முழுவதும் 2022-இல் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அந்தக் குவியலுக்குப் போக வேண்டிய ஒன்று என் மேசைக்கு வந்தது.

உண்மையில் வந்தது இரண்டு. முதலில் வந்ததைத் திருப்பிக் கொடுத்தேன். காரணம் இரண்டு. ஒன்று, பயாஸ் கடவுச்சொல். இயந்திரத்தைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற அடிப்படை மென்பொருள்தான் பயாஸ், அதற்குப் போட்ட பூட்டு இது. இயந்திரம் இயங்குகிறது, விண்டோஸ் திறக்கிறது, எல்லாம் சரி. ஆனால் யுஎஸ்பியிலிருந்து புதிதாக எதையும் நிறுவ முடியாது. பழைய அலுவலகத்துக்காரர்கள் பூட்டிவிட்டு, சாவியை மறந்துபோயிருக்கிறார்கள். உள்ளே கடிகாரத்தை ஓட்டுகிற, நாணயம் போன்ற சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடவுச்சொல் போய்விடும் என்று விற்றவர் சொன்னார். சாதாரண டெஸ்க்டாப்பில் போகலாம். அலுவலக வகை லேப்டாப்புகளில் பெரும்பாலும் அது தனிச் சில்லில் பதிந்திருக்கும், பேட்டரிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. வாங்கும் முன் இயந்திரத்தை அணைத்துப் போட்டு, எஃப்2 அல்லது டெலீட் அல்லது அந்த மாடலுக்கு உரிய விசையை அழுத்தி, பயாஸ் திரைக்குள் போக முடிகிறதா, அங்கே ஒன்றை மாற்றிச் சேமிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் வருத்தம். ஹார்ட் டிஸ்கில் முன்னாள் உரிமையாளரின் கோப்புகள் அப்படியே இருந்தன. சம்பளப் பட்டியல், விடுப்புக் கடிதங்கள், யாரோ ஒருவர் மீதான விளக்கம் கேட்கும் நோட்டீஸ். மூன்றாவது கோப்பைத் திறந்ததும் மூடிவிட்டேன். அடித்த கடிதத்தைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பழைய கம்ப்யூட்டரைத் தானம் செய்ய நினைக்கும் புண்ணியவான்களே, கொடுக்கும் முன் டிஸ்கை முழுதாக அழியுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டு ‘காலி செய்’ என்று சொல்வது அழிப்பது ஆகாது.

இரண்டாவதாக வந்தது இப்போது இருப்பது. அதுவும் முதல் நாளே மிரட்டியது. விண்டோஸ் 10-இல் உலாவியைத் திறந்தால் எந்தத் தளமும் வரவில்லை. ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று சிவப்பாக ஒரு பக்கம். பேத்தி, “பாட்டி, இது கெட்டுப்போச்சு, திருப்பிக் கொடுத்திடலாம்” என்றாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. மூலையில் இருந்த தேதியைத் தற்செயலாகப் பார்த்தேன்: 2015 ஜனவரி 1. நாணய பேட்டரி செத்துப்போனதால் கடிகாரம் பிறந்த நாளுக்கே திரும்பியிருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2015-இல் நின்றுகொண்டு பார்க்கிற இயந்திரத்துக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தியதும் எல்லாம் வந்தது. பிறகு ஒரு பழுது பார்ப்பவரிடம் கொடுத்து பேட்டரியை மாற்றினேன், பத்து நிமிட வேலை. இந்த ஒன்று தெரியாததாலேயே எத்தனை பழைய கம்ப்யூட்டர்கள் ‘நெட் வராத டப்பா’ என்று பரணுக்குப் போயிருக்குமோ!

அடுத்து ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று நாம் சொல்கிறபோது பெரும்பாலும் நாம் குறை சொல்வது இந்தச் சுழலும் தட்டைத்தான். பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைத்தால் பால் பொங்கிவிடும், திரை வராது. அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்ற டிஸ்க் போட்டேன், 240 ஜிபி. இப்போது பொத்தானை அழுத்தி இருபது, இருபத்தைந்து வினாடியில் தயார். 4 ஜிபி ராமோடு இன்னொரு 4 சேர்த்தேன், அடியில் ஒரு காலி இடம் இருந்தது. இந்தக் காலத்து மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராம் பலகையோடு பற்றவைத்து வருகிறது, கூட்டவே முடியாது. பழசின் பெரிய பலம் இது: அடி மூடியில் சில திருகுகள், உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கழற்றலாம், மாட்டலாம். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து திருகுகளை ஒரு கிண்ணத்தில் வரிசையாக அடுக்கினாள். ராம் என்ன செய்யும் என்று கேட்டாள். “நீ பாடம் எழுதும்போது மேசைமேல் விரித்து வைத்திருக்கிற புத்தகங்கள் ராம். அலமாரியில் இருப்பவை டிஸ்க்” என்றேன். “அப்போ என் மேசை பெருசாச்சு” என்றாள். அந்த அளவுக்குப் புரிந்தால் போதும்.

பேட்டரியைப் பற்றி விற்றவர் சொன்னதை நம்பாதீர்கள். ‘நூறு சதவீதம்’ என்று காட்டும். எதில் நூறு என்று கேட்கவேண்டும். புதிதாக இருந்தபோது 48 வாட்-அவர் தாங்கிய பேட்டரி இப்போது 19 தாங்குகிறது. அந்த 19-இல் தான் நூறு சதவீதம். மின்சாரம் போனால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வீட்டில் ஒரே இடத்தில் செருகி வைப்பதால் எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. வகுப்புக்குத் தூக்கிச் செல்ல நினைக்கும் மாணவருக்கு இது பெரிய குறைதான்.

இனி மென்பொருள். விண்டோஸ் 10-க்கு நீட்டிப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் வரை கிடைக்கும் என்றார்கள். ஒரு வருடத்துக்காக எதற்கு என்று, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன், எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான வகை, 22-ஆம் பதிப்பு. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 2 ஜிபி ராம் இருந்தாலே ஓடும் என்று அவர்களே சொல்கிறார்கள். என் இயந்திரத்தில் திறந்தவுடன் ஒரு ஜிபிக்குக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. யுஎஸ்பி குச்சியில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமலேயே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிறுவலாம். தம்பி மகன் தொலைபேசியில் வழி சொல்ல நானே நிறுவினேன். நாற்பது நிமிடம் ஆனது, அதில் பதினைந்து நிமிடம் என் கண்ணாடியைத் தேடியது.

மூன்று பேருக்கு மூன்று கணக்கு திறந்தேன்: மகளுக்கு, பேத்திக்கு, எனக்கு. விருந்தினருக்கு ஒன்று, அதில் எழுதியது வெளியேறியதும் அழிந்துவிடும். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பேத்தியின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அவள் வரைந்ததும் எழுதியதும் அதுவரை அம்மாவின் போனில், அம்மாவின் படங்களுக்கு நடுவே கிடந்தன. இடம் போதவில்லை என்று அம்மா அழித்தால் சேர்ந்து அழியும், இரண்டு முறை அழிந்தும் இருக்கிறது. இப்போது அவள் பெயரில் ஒரு கோப்புறை, அதற்கு அவள் மட்டும் அறிந்த கடவுச்சொல்.

விசைப்பலகைக்கு வருகிறேன். இதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

விரலால் அழுத்தினால் விசை கீழே போகவேண்டும். போனதை விரல் உணரவேண்டும். இந்த லேப்டாப்பில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் போகிறது. முடிவில் ஒரு சின்னத் தட்டு. விசையின் நடுவில் லேசான குழி, விரல் தானாக மையத்தில் உட்காரும். எஃப், ஜே விசைகளில் மேடு தேயவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தால் இடம் தெரிகிறது. ஸ்பேஸ் பாரின் இடது ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. முன்பு இதில் வேலை செய்தவர் இடது கட்டை விரலால் இடம் விடுகிறவர். நான் வலது. எப்படிப்பட்ட ஆளோ, ஒழுங்காகப் பத்து விரலாலும் அடித்திருக்கிறார். உயிரெழுத்து விசைகள் எல்லாம் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றன. அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை.

போனில் பேத்தி ஒற்றைக் கட்டை விரலால் வேகமாகத்தான் அடிப்பாள். ஆனால் ஒரு வரிக்கு மேல் எழுதமாட்டாள். பாதித் திரையை விசைப்பலகை மறைத்துக்கொண்டால் மேலே என்ன எழுதினோம் என்பதே தெரியாது, பிறகு எப்படி ஒரு பத்தி வளரும்? லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச எழுது மென்பொருளில் முதன்முதலாக ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்தபோது, “என் கட்டுரை இவ்வளவு சின்னதா?” என்று கேட்டுவிட்டு மேலும் இரண்டு பத்தி எழுதினாள். இந்த இயந்திரம் எனக்குச் செய்த நன்மைகளில் முதல் இடம் அதற்குத்தான்.

தமிழ் எழுதுவதற்கு, லினக்ஸில் பிற மொழிகளை உள்ளிட உதவும் ஐபஸ் என்ற மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் போட்டோம். 1999-இல் தமிழ் இணைய மாநாட்டில் பொதுத்தரமாக ஏற்ற அமைப்பு அது. இரும்புப் பொறிப் பழக்கம் எனக்குக் கொஞ்ச நாள் குறுக்கே நின்றது. பொறியில் ‘கொ’ வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்கவேண்டும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தமிழ்99-இல் வாய் சொல்கிற வரிசை: க, பிறகு ஒ. ‘அம்மா’ எழுத அ, ம, ம, ஆ. நாலே தட்டு, முதல் மகரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். உயிர் எல்லாம் இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். இரண்டு கையும் மாறி மாறி நடக்கிற மாதிரி இருக்கும். பேத்தி பன்னிரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு மாதம் ஆனது. விசைகள்மேல் தமிழ் எழுத்து கிடையாது. ஒட்டும் எழுத்துகள் கிடைக்கும், நான் வாங்கவில்லை. அட்டையில் படம் வரைந்து திரைக்குக் கீழே சாய்த்து வைத்தேன். விசையைப் பார்த்து அடிக்கப் பழகினால் கழுத்துதான் வலிக்கும்.

இணையம்? வீட்டுக்குத் தனி இணைப்பு இல்லை. மாலை ஏழு மணிக்கு மேல் மகளின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். அதுவரை கம்ப்யூட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிவிக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. விக்கிப்பீடியாவை முழுக்க ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு இணையமில்லாமல் படிக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபியைத் தாண்டும், அது நமக்கு வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா சில ஜிபிதான். தம்பி மகன் தன் வீட்டில் இறக்கி யுஎஸ்பி குச்சியில் கொண்டுவந்து போட்டான். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை பேத்தி அதில்தான் மேய்கிறாள். ஒன்றைத் தேடி இன்னொன்றில் போய் விழுவது, அதிலிருந்து வேறொன்று. விளம்பரம் இல்லை, அடுத்த வீடியோ தானாக ஓடுவதில்லை. பாடப்புத்தகத்து பிடிஎஃப்களையும் இரவில் இறக்கி வைத்துவிடுகிறோம். வீட்டுக் கம்ப்யூட்டரின் நல்ல குணம் அது வீட்டிலேயே இருப்பது. யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதில்லை. அதைத் தொட யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

கை நீட்டவேண்டாம் என்றாலும் முறை வேண்டும். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நாலிலிருந்து ஆறு பேத்தி, ஆறிலிருந்து ஏழு நான், அதன்பிறகு மகள். ஞாயிறு காலை எதிர்வீட்டுப் பையன். அவன் அடுத்த விண்ணப்பத்தைப் படம் குறுக்குவது உட்பட இருபது நிமிடத்தில் முடித்தான்.

என் மருமகன் எதையும் சும்மா ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லை. “அத்தை, கம்ப்யூட்டர் வாங்கினா மார்க் ஏறும்னு யார் சொன்னது?” என்று கேட்டு, போனில் இரண்டு ஆய்வுகளை எடுத்துக் காட்டினார். படித்தேன். அவர் சொன்னது சரிதான். கலிஃபோர்னியாவில் 15 பள்ளிகளில், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத 1,123 மாணவர்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவையும் என்னுடையதைப் போலப் புதுப்பித்த பழைய இயந்திரங்கள். 2013-இல் வெளிவந்த முடிவு: மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ருமேனியாவில் ஏழைக் குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கூப்பன் கொடுத்த திட்டத்தை ஆராய்ந்து 2011-இல் எழுதியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், மதிப்பெண் குறைந்தது என்கிறார்கள். கம்ப்யூட்டர் திறமை மட்டும் நன்றாக ஏறியிருக்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடியிருக்கிறார்கள், வேறென்ன செய்வார்கள்?

இதை மறைத்துவிட்டு ‘வாங்குங்கள், பிள்ளை முதல் மதிப்பெண் எடுப்பாள்’ என்று நான் எழுதினால் அது பொய். என் பேத்தியின் கணக்கு மதிப்பெண் ஆறு மாதத்தில் இரண்டு குறைந்திருக்கிறது. ஆனால் மருமகனிடம் நான் கேட்டது வேறு: “மாப்பிள்ளை, வீட்டுக்கு மின்விளக்கு போட்டபோது மார்க் ஏறுமான்னு யாராவது கேட்டாங்களா?” அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவருடைய வேலை விண்ணப்பத்தை விருந்தினர் கணக்கில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். இப்போது நாலாவது கணக்கு அவர் பெயரில்.

அந்த ஆய்வுகளைப் படித்ததில் எனக்கு உறைத்தது ஒன்று உண்டு. பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் பெட்டி விளையாட்டுப் பெட்டிதான் ஆகும். முதல் மாதம் யாராவது பக்கத்தில் உட்காரவேண்டும். கோப்பை எங்கே சேமித்தோம், அதற்குப் பெயர் எப்படி வைப்பது, மின்னஞ்சலோடு எப்படி இணைப்பது, அழித்ததை எப்படி மீட்பது. இவை போனில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. போன் அவற்றையெல்லாம் மறைத்தே வைத்திருக்கிறது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை’ என்பார்கள். என் பேத்தி முதல் வாரம் எழுதிய பதினொரு கோப்புகளுக்கும் ‘பெயரிடாதது 1’, ‘பெயரிடாதது 2’ என்றுதான் பெயர்.

குறைகளை ஒளிக்கவில்லை, இதோ. திரை மங்கல், 1366க்கு 768 புள்ளிகள். நேராகப் பார்த்தால் சரி, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நிறம் தலைகீழாகத் தெரிகிறது. இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பது கஷ்டம். கேமரா, மாலைக்கண் நோய் வந்தது போல. வீடியோ அழைப்பில் என்னைப் பார்த்த தங்கை “உனக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள். கனம் 2 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. உலாவியில் பத்துப் பக்கம் திறந்தால் விசிறி சத்தம் போடுகிறது. திரையின் இடதுபக்கக் கீல் தளர்ந்திருக்கிறது, இப்போதைக்குத் திறக்கும்போது இரண்டு கையாலும் திறக்கிறோம்.

ஒரு குறை இயந்திரத்துடையது அல்ல. பேத்தி எழுதவேண்டிய ஒரு இணையத் தேர்வுக்கான மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேட்டேன். ‘விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரைப் பயன்படுத்தவும்’ என்று ஒரு வரி பதில். அந்தத் தேர்வை அவள் தோழி வீட்டில் போய் எழுதினாள். லினக்ஸ் போட நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். உலாவியில் செய்யக்கூடிய எதுவும் பிரச்சினை இல்லை. தனியாக நிறுவச் சொல்கிற எதுவும் பிரச்சினையாகலாம்.

புதிய டேப்லெட் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: படம் பார்க்க, படிக்க அது நல்லது. எழுத இது நல்லது. என் வீட்டுக்கு எழுத வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு அக்காவும் இப்போது ஒன்று வேண்டும் என்கிறார். அதே மாடலில் இன்னொன்று இருப்பதாக விற்றவர் சொன்னார். பயாஸ் பூட்டு இல்லை, திரை பரவாயில்லை, பேட்டரி என்னுடையதைவிட மேல். கீழ் வரிசையில் எம் விசை மட்டும் உடைந்திருக்கிறதாம், “அது ஒன்றுதானே அம்மா, பெரிசா தெரியாது” என்றார். தமிழ்99-இல் எம் விசைதான் ர. விசைப்பலகையை மாற்றிவிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.